கிருபாராணி கேட்ட கேள்விகள்

"மாப்பிள்ளைகிட்ட நான் சில கேள்வி கேக்கணும்."

காபித் தட்டை மேசையில் வைத்துவிட்டு கிருபாராணி இப்படிச் சொன்னதும் கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நீயாக எதையும் கேட்காதே என்று அவளுடைய அம்மா காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"பி.ஏ. படிச்ச பொண்ணு பாருங்க," என்று அப்பா ஜான்பீட்டர் அசடு வழிந்தார். அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த மத்திகிரிப் பண்ணையில் குதிரைலாயத்து வேலை அவருக்கு. அந்த வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். வேலைக்குத்தான் போவேன், எவன் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று ஒரு வருஷமாகச் சண்டை போட்டவள், எத்தியோப்பியா மாப்பிள்ளை என்றதும் மறுபேச்சில்லாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டதே அவருக்குப் பெரிய நிம்மதி.

மாப்பிள்ளை அருள்ஜோசப் டையைச் சரிசெய்துகொண்டான். எத்தியோப்பியாவில் ஜிம்மா என்ற ஊரில் அவன் வாத்தியார். "கேக்கட்டுமே."

"அங்க ஒருத்தரைப் பாத்தா எப்படி வணக்கம் சொல்லணும்?"

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கை குலுக்கணும். பெரியவங்களுக்குச் சும்மா நீட்டிடக் கூடாது. இடது கையால வலது கையைத் தாங்கிக்கினு, கொஞ்சம் குனிஞ்சு குடுக்கணும். போன புதுசுல நான் நம்மூரு மாதிரி கும்பிட்டேன். ஏதோ ஜெபம் பண்றேன்னு நினைச்சு, ஹெட்மாஸ்டரும் கண்ணை மூடிக்கினு நின்னுட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கிருபாராணி சிரிக்கவில்லை. "அப்புறம்?"

"நீ நல்லா இருக்கியா, வீடு நல்லா இருக்கா, மாடு நல்லா இருக்கான்னு கேட்டுக்கினே போவாங்க. நல்லா இருக்குன்னுதான் சொல்லணும். மாடு செத்துப் போயிருந்தாலும்."

"நல்லாப் பழகினவங்கன்னா?"

அவன் தன் அம்மா பவுலினாவைப் பார்த்துத் தயங்கினான். "கன்னத்துல முத்தம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் இந்தப் பக்கம்."

பவுலினா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "ஆம்பளையும் பொம்பளையுமா? கருமம்."

"எந்தப் பக்கம் முதல்ல?" கிருபாராணி விடவில்லை.

"அவங்க சாயறதைப் பாத்து நாமளும் சாயணும். மாத்திச் சாஞ்சா மூக்குல மூக்கு இடிக்கும்."

"நீங்க முத்தம் குடுத்திருக்கீங்களா?"

"ஊர் வழக்கம். மாட்டேன்னா அவமானப்படுத்தினதா ஆயிடும்."

"அப்போ உங்க மனைவி அங்க என்ன பண்ணணும்?"

"அவ எதுக்குப் பண்ணணும்?" அவன் முகம் மாறியது. "வீட்டுக்கு ஆள் வந்தா உள்ள போயிடணும். எவன் கையும் என் பொண்டாட்டி மேல படக் கூடாது."

"வேலைக்குப் போனா?"

பதில் பவுலினாவிடமிருந்து வந்தது. "உன் பி.ஏ. கல்யாணப் பத்திரிகையில போடறதுக்கும்மா. சம்பாதிக்க எம்மவன் இருக்கான்."

"அவருக்கு வழக்கம், எனக்கு மட்டும் அவமானமா?"

"ராணி," ஜான்பீட்டர் எழுந்துவிட்டார். "இந்தச் சம்பந்தத்தை நீ கெடுத்தேன்னா, இந்த வீட்டு வாசப்படி உனக்குக் கிடையாது. ஆமாம்னு சொல்லிட்டு உள்ள போ."

அவள் உள்ளே போனாள். பவுலினா பெருமூச்சு விட்டு, "அதட்டினாத்தான் அடங்குது," என்றபடி காபியை எடுத்தாள். அவள் குடித்து முடிப்பதற்குள் கிருபாராணி நூல் புடவைக்கு மாறி, கையில் பெட்டியோடு வெளியே வந்து நின்றாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அருள்ஜோசப்பிடம். "இதையெல்லாம் சொல்லித் தர இந்த சேலம் ஜில்லாவிலேயே உங்களை விட்டா ஆள் இல்லை. மத்த மாப்பிள்ளைங்களை வேணாம்னுட்டு உங்களை மட்டும் வரச் சொன்னதே அதுக்குத்தான். உங்க ஜிம்மாவுலயே எனக்கும் டீச்சர் வேலை. போன வாரம் கையெழுத்துப் போட்டாச்சு, பம்பாயில கப்பல் ஏறணும்."

பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க அவள் படியிறங்கிப் போனாள்.