முதல் கடி

"அப்பா காதுல மட்டும் போட்டுடாதே. கேட்டா அந்த நிமிஷமே உயிரை விட்டுடுவார்!"

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார் பேக்கரி முதலாளி. கொலை செய்துவிட்டு ஓடி வந்தவர்போல முகம் வெளிறிக் கிடந்தது.

அவர் செய்த குற்றம் இவ்வளவுதான்: கோதுமை ஒத்துக்கொள்ளாத வியாதியை நாற்பது வயதுக்கு மேல் வரவழைத்துக்கொண்டது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் கெட்டுவிடும், ஆயுளுக்கும் தொடக் கூடாது என்று முந்தின நாள்தான் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தேன் டாக்டர்? திடீர்னு எப்படி?"

"பரம்பரையா உடம்புக்குள்ள தூங்கிட்டு இருக்கும். ஒரு காய்ச்சலோ, ஆபரேஷனோ, மனக்கவலையோ தட்டி எழுப்பிவிடலாம். எதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. உங்க அப்பாவுக்கு இருக்கா?"

"அவருக்கா! தினமும் முதல் ரொட்டியைக் கடிச்ச மனுஷன் டாக்டர் அவரு!"

அங்கேதான் வம்பே. 'நாங்கள் சாப்பிடாததை விற்பதில்லை' என்று கடை வாசலில் பலகை தொங்குகிறது. காலையில் முதல் ரொட்டியை முதலாளி எல்லோர் முன்னாலும் கடித்து மென்று காட்டிய பிறகுதான் வியாபாரம் தொடங்கும். கொள்ளுத்தாத்தா காலத்து வழக்கம். ஒரு நாள் கடிக்காவிட்டாலும், 'மாவுல என்னத்தைக் கலந்தானோ' என்று வரிசை மொத்தமும் எதிர்க்கடைக்கு நடையைக் கட்டிவிடும்.

அப்பா கடையை ஒப்படைத்த அன்று, சாவிக்கொத்தோடு துண்டு அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் கொடுத்தார். "கடிச்சதும் வாயைத் துடைச்சுக்கோ, மறந்துடாதே" என்றார். பெரியவருக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று நினைத்து மகன் அதை டிராயரில் போட்டுவைத்தார்.

இப்போது வெளியே வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. மேஜைமேல் ஆவி பறக்க உட்கார்ந்திருந்த ரொட்டியை முதலாளி பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நான் வேணா கடிக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"நீ கடிச்சா எனக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்களேடி!"

"என்னடா ஆச்சு உனக்கு?"

பின்னறைக் கதவில் பெரியவர் நின்றிருந்தார். அவ்வளவுதான், மகன் உடைந்துபோய் அழுதுவிட்டார். ஒன்றுவிடாமல் சொன்னார். ரொட்டிக்கார வம்சத்தில் பிறந்து ரொட்டி தின்ன முடியாத பாவியாகிவிட்டேனே என்று விம்மினார்.

பெரியவர் உயிரை விடவில்லை. மகனைத் தள்ளிவிட்டு டிராயரைத் திறந்தார். கைக்குட்டை மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது.

"எங்க தாத்தா எங்கப்பாவுக்குக் கொடுத்தது. எங்கப்பா எனக்குக் கொடுத்தது" என்றவர், தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! அப்போ நீ இத்தனை நாளும் முழுங்கிட்டா இருந்தே?"