இல்லாதவனுக்கு ஒரு தட்டு

"உனக்கு வேற ஒருத்தன் இல்லேன்னு நீதான் காட்டணும்," என்றான் திலகவதியின் கணவன் அருணகிரி. கல்யாணமான நாளிலிருந்து அவளும் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். கைப்பேசியைக் கொடுத்தாள், துணிக்கடை வேலையை விட்டாள், தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். அவன் தேடிப் பார்த்து எதுவும் அகப்படாதபோதெல்லாம், "எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தா இப்படி மறைப்பே?" என்று இன்னும் அடித்தான்.

அன்று மத்தியானம் அவளுடைய தலையணையைக் கிழித்துப் பஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவினான். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுக்களைக்குப் போய் மூன்று தட்டுகளில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.

"மூணாவது யாருக்குடி?"

"அவருக்குத்தான்."

அருணகிரி கட்டிலுக்கடியில் குனிந்தான். கொல்லைக்கு ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "யாருமே இல்லையேடி!" என்று கத்தினான்.

"நல்லாப் பாருங்க," என்றாள். மூன்றாவது தட்டில் குழம்பைத் தாராளமாக ஊற்றிவிட்டு, தன் தட்டின் முன் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடத் தொடங்கினாள். தலைக்கு மேலே, அவன் பரணில் ஏறிப் பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது.