ரிவர்ஸ் மரியான்

லிவரைப் பின்னால் இழுத்தேன். வள்ளம் பின்னால் போனது.

முன்னால் தள்ளினேன். மோட்டார் தொண்டை கிழியக் கத்தியது. வள்ளம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“பாத்தியா ஆன்றோ? அமெரிக்காக்காரன் புத்தி அப்படியே இதுலயும் இருக்கு, கேட்டியா?” என்றார் அத்தான், கரையில் கால் நனையாமல் நின்றுகொண்டு.

சுனாமி நிவாரணத்தில் எங்கள் துறைக்காரர்கள் எல்லோருக்கும் மண்ணெண்ணெய் மோட்டார் கிடைத்தது. என் அக்கா செசிலியின் புருஷன் மரியானுக்கு மட்டும் அமெரிக்கப் புண்ணியவான் ஒருவர் கப்பலேற்றி அனுப்பிய பெட்ரோல் மோட்டார். என்னைவிட வயது கூடியது. சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகும். கியர்கூட கரண்டில்தான் விழும். அதை அனுப்பியதில் அவர் வீட்டுக் கொட்டகைக்கும் நல்ல நிவாரணம் கிடைத்திருக்கும்.

வந்த முதல் வாரத்திலேயே அது முன்னால் போக மறுத்துவிட்டது. அன்று முதல் அதைத் திட்டுவதே அத்தானுக்குத் தொழில். காலையில் சாயாக்கடையில் தொடங்கினால் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்வரை வேலை இருந்தது. ஊர் அவருக்கு ‘ரிவர்ஸ் மரியான்’ என்று பட்டம் கொடுத்தது. அதற்கும் அமெரிக்காவைத்தான் திட்டினார்.

அக்கா மற்றவர்கள் வள்ளத்து மீனை ஏலத்தில் எடுத்து, வடசேரிச் சந்தையில் விற்று, வீட்டை முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சவூதியில், தம்மாமில் ஏசி எலெக்ட்ரீஷியன். லீவில் வந்தவன் பெட்டியைத் திறப்பதற்குள் அத்தான் என்னை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக் கரைக்கு இழுத்து வந்துவிட்டார். வேறு வேலையில்லாத பாதி ஊரும் கூடவே வந்தது. கியர் எண்ணெயை மாற்று என்றார் ஒருவர். குருசடியில் மெழுகுதிரி கொளுத்து என்றார் இன்னொருவர்.

பக்கத்து வீட்டு ஞானதாசன் மட்டும் பொறியியல் முறைப்படி யோசித்தான். “மோட்டாரைத் தூக்கி முன்னால அணியத்துல மாட்டுங்கலே. பொறவு ரிவர்ஸ்தான் பார்வர்டு.”

மோட்டாரின் அடிப்பக்கம் காயில் என்கிற காந்தச் சுருள் இரண்டு இருக்கும். பச்சை வயரில் கரண்ட் போனால் வள்ளம் முன்னால் போகும். நீல வயரில் போனால் பின்னால். இரண்டிலும் போகாவிட்டால் சும்மா கத்தும். ஆட்டோ பல்ப் ஒன்றை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். பச்சை வயரில் லிவர் பக்கம் எரிந்தது. மோட்டார் பக்கம் எரியவில்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது.

உப்புக்காற்று தின்றிருக்கும் என்று மேலே இருந்த ரப்பர் உறையை உரித்தேன்.

உப்பு தின்ற செம்பு பச்சை பூத்துப் பொடிந்துபோகும். இது ஒரே நேராக, பிளேடால் அறுத்தது. இரண்டு முனையும் தனித்தனியாக டேப் சுற்றி, உறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. எலியாக இருந்தால், தம்மாமில் எங்களோடு வேலைக்குச் சேர்க்க வேண்டிய எலி.

கூட்டத்தைப் பார்த்தேன். ஞானதாசன்தான் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். உனக்கு இருக்கு என்று நினைத்துக்கொண்டு, வயரை முறுக்கிச் சேர்த்தேன்.

“அத்தான், ஏறுங்க.”

“நீயே ஓட்டிப் பாரு மக்கா. நான் எதுக்கு?”

கூட்டம் விடவில்லை. நாலைந்து பேர் அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு மாலை ஒன்றுதான் குறை.

லிவரைத் தள்ளினேன். கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். வள்ளம் மூக்கை நிமிர்த்திப் பொழிமுகத்தைப் பார்த்துப் பாய்ந்தது. அங்கே மணல்திட்டைத் தாண்டி அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கரையில் விசில் பறந்தது.

“எப்படி அத்தான், அமெரிக்காக்காரன்?” என்று திரும்பினேன்.

அத்தான் வள்ளத்தின் அடியில் குத்தவைத்திருந்தார். இரண்டு கையும் பக்கப்பலகையை இறுக்கியிருந்தன. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் கைலி நனைந்திருந்தது. வள்ளத்துக்குள் எங்கும் தண்ணீர் இல்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அலை அவரைக் கட்டுமரத்தோடு சுருட்டியது இதே பொழிமுகத்தில்தான். மறுநாள் தாழங்காட்டுக்குள் உயிரோடு கண்டெடுத்தார்கள். அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை என்பது ஊருக்கே தெரியும். மோட்டார்தான் காரணம் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் போல.

லிவரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். வள்ளம் தயங்கி நின்றது. இரண்டு கையாலும் தண்ணீரைக் கோரி அவர் மேல் வீசினேன். தலை, சட்டை, கைலி எல்லாம் சொட்டச் சொட்ட நனையும்வரை, கரைக்குக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே வீசினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

பிறகு குனிந்து, சேர்த்த வயரைக் கட்டிங் பிளையரால் நறுக்கினேன். ரிவர்ஸில் கரைக்கு வந்தோம்.

“உள்ள காயிலு கருகிட்டு,” என்று கூட்டத்திடம் சொன்னேன். “இந்த மாடலுக்கு இப்ப அமெரிக்காவுலயே சாமான் கெடையாது.”

கூட்டம் ஊளையிட்டது. தம்மாமில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஞானதாசன் விசாரித்தான். அத்தான் ஈரத்தோடு இறங்கி, என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அமெரிக்காவைத் திட்ட ஆரம்பித்தார். குரல் இன்னும் சரியாக வரவில்லை.

வீட்டு அடுக்களையில் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அவள் இல்லை. ஆனால் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

“காயிலு கருகிட்டாமே?”

“ஆமாக்கா.”

அவள் தலை நிமிரவில்லை. சட்டியில் தண்ணீரை மாற்றினாள்.

“நான் வெட்டுன எடத்துலயே வெட்டுனியா மக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.