மாமனார் செய்த பூஸ்ட் பெட்டி

வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை கிட்டாரைத் தொட்டாலே, ரேடியோ மெக்கானிக்கான மாமனார் காதைப் பொத்திக்கொள்வார்.

"மாமா, காலால மிதிச்சா சத்தத்தைத் தூக்கிவிடுற பூஸ்ட் பெட்டி ஒண்ணு செஞ்சு குடுங்க. பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போடணும். அடித் தந்தியிலேருந்து மேல் தந்தி வரைக்கும் எல்லாமே எழும்பணும்."

"இப்ப எழும்புறது பத்தலையா மாப்ளே? பொணமே எழுந்து ஓடிரும்!"

ஆனாலும் உட்கார்ந்தார். பழைய ரேடியோ பாகங்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்து, டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தார்.

"எனக்காக இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கறீங்களே மாமா!" மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது.

அவர் பொறுக்கியது இருப்பதிலேயே கேடுகெட்டதை. கரண்ட்டை ஒழுகவிட்டு இரைச்சல் மட்டுமே போடும் சனியன். ஒரு கச்சேரியில் மானம் போனால் கிட்டாரைத் தூக்கிப் போட்டுவிடுவான், வீடு நிம்மதியாகும் என்று கணக்குப் போட்டார்.

கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"என்னா கரகரப்பு மாமா! ஜனம் எழுந்து நின்னு கத்திச்சு. இந்தச் சத்தம் எப்படிடா வருதுன்னு எல்லாரும் கேக்கறாங்க!"

மாமனார் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. டிரம்ஸ் இறங்கியது.

"பெட்டி மக்கர் பண்ணா நீங்க பக்கத்துல இருக்கணும்ல? அதான் மாமா, இனிமே குழு மொத்தத்துக்கும் பிராக்டிஸ் நம்ம ஹால்லதான்."