பத்தும் பன்னிரண்டும்

பொம்மைக் கடையில் இரண்டு ரெசின் மார்பளவுச் சிலைகள் மூடிய பெட்டிகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ராஜாவின் பெட்டியில் 1/12, மீன்காரியின் பெட்டியில் 1/10 என்று அளவு போட்டிருந்தது.

"பத்தைவிடப் பன்னிரண்டு பெரிசு. நான்தான் பெரியவன்" என்று ராஜா தினமும் பீற்றிக்கொள்வார்.

ஒருநாள் ஒரு பெண் தன் ராணி சிலையைக் கையோடு எடுத்துக்கொண்டு, அதற்கு ஜோடி தேடி வந்தாள். கடைக்காரர் இருவரையும் வெளியே எடுத்தார். ராஜாவின் கிரீடமே மீன்காரியின் நெற்றிவரைதான் எட்டியது.

"நிஜ ஆளைப் பன்னிரண்டு கூறு போட்டா அதுல ஒரு கூறுதான் நீங்க. எனக்குப் பத்துக் கூறுதான் போட்டாங்க" என்றாள் மீன்காரி.

இனி நம்மை யார் வாங்குவார்கள் என்று ராஜா குன்றிப்போனார்.

மீன்காரியின் பக்கத்தில் ராணி குழந்தைபோலத் தெரிந்தாள். ராஜாவின் பக்கத்தில் வைத்ததும் தோளுக்குத் தோள் சரியாக இருந்தது.

"வீட்டு அலமாரியில எல்லாரையும் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்குதுங்க" என்றாள் ராணி. "நீங்க வாங்க."