நீல வண்டிக்குக் கடைசிப் பூச்சு

மேசையில் ஏழெட்டு பிளாஸ்டிக் ஸ்பூன்கள் குப்புறக் கிடந்தன. எல்லாவற்றின் முதுகிலும் ஒரே நீலம்.

அந்த நீலத்தின் மேல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான நிறமில்லாத மேல்பூச்சை அடித்துக் காயவைத்திருந்தாள். நேராக வண்டியிலேயே அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்ளும் ரகம் அவள் இல்லை.

வண்டி என்றால் உள்ளங்கையில் அடங்குகிற வண்டி. அப்பா ஓட்டிய டாக்ஸியின் குட்டி உருவம். கடையில் கிடைத்த வேறு ஏதோ காரின் மாடல் கிட்டை வாங்கி, அறுத்து, ஒட்டி, தேய்த்து, இந்த உருவத்துக்குக் கொண்டுவருவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

சாயங்காலம் அப்பா வருகிறார். அவர் கையில் கொடுக்க வேண்டும்.

கொடுப்பது ஒன்றும் பெரிதில்லை. அவர் நொட்டை சொல்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் பெரிது. முதல் சம்பளத்தில் அவள் எடுத்துக் கொடுத்த சட்டைக்குக் காலர் சரியில்லை என்றவர் அவர். இந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, உள்ளே வருவதற்கு முன்பே வாசல்படி உயரம் என்றார்.

இந்த ஒன்றிலாவது அவர் வாயைத் திறக்கக் கூடாது. வீம்பு என்றால் வீம்பு, ஆசை என்றால் ஆசை.

ஸ்பூன்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தண்ணீரில் கரைகிற பூச்சு சாது; வாடை இல்லை, வம்பும் இல்லை. ஆனால் பளபளப்பு ஆறின பால் மேல் ஆடை படிந்த மாதிரி இருந்தது. இன்னொன்று நீலத்தை லேசாகப் பச்சையாக்கிவிட்டது. மூக்கைத் துளைக்கும் வாடையுள்ள லேக்கர் பூச்சு அடித்த ஸ்பூனில் மட்டும் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன, நடுவில் அவள் மூக்கும்.

"நான் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலையே?" என்று கேட்டபடி வீட்டுக்காரர் டீயை வைத்துவிட்டுப் போனார். அந்த அனுபவத்தில்தான் இப்போது யோசிப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

நிஜ வண்டியின் புகைப்படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதில் வண்டி மங்கலாகத்தான் தெரிகிறது. படம் பழசு, வேறெப்படி இருக்கும்.

அவளுக்குப் படம் தேவையில்லை. பள்ளிக்கூட மணி அடித்ததும் கேட்டுக்கு வெளியே நிற்கும் அந்த நீலம் கண்ணிலேயே இருக்கிறது. எத்தனையோ பேர் வீட்டுச் சொந்தக் கார்கள் வந்து நிற்கும். ஒன்றுகூட அப்படி மின்னாது. எதிரே இருந்த மரத்தின் இலைகள் கதவில் தெரியும். டாக்ஸிக்காரர் மகள் என்று சொல்லிக்கொள்ள அவள் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. இத்தனை மின்னுகிற வண்டியிலிருந்து வந்தவளுக்கு என்ன கூச்சம்?

லேக்கர்தான் என்று முடிவு செய்தாள்.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பூச்சைத் தூவுகிற ஏர்பிரஷ்ஷை எடுத்தாள். முதல் இரண்டு பூச்சு தூரத்திலிருந்து, பனி இறங்குவது மாதிரி. எடுத்ததுமே ஈரமாக அடித்தால் கதவில் ஒட்டியிருந்த 'டாக்ஸி' என்ற எழுத்தை லேக்கர் சுருட்டிவிடும்.

கடைசிப் பூச்சு மட்டும் நனைய நனைய. வண்டிக்கு வெளியே ஆரம்பித்து, மேலே நிற்காமல் ஓடி, வெளியே போய் முடிக்க வேண்டும். கை ஒரு நொடி தயங்கினாலும் வழிந்துவிடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம், மேலே, அந்தப் பக்கம். எங்கும் வழியவில்லை.

தூசி விழாமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வண்டியை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

முன் பம்பரின் நசுங்கலைப் பார்த்துச் சிரித்தார். பின்சீட்டுக் கிழிசலைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையாட்டினார். கதவை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு வண்டியை மறுபக்கம் திருப்பினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. இந்தப் பக்கம்தான் தப்பு. இது மின்னாது."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னும், தினமும் கேட்டில் நின்று பார்த்தவள் நான் என்று சண்டைக்கே போய்விட்டாள்.

"நீ பார்த்தது அந்தப் பக்கம். வண்டிக்கு மெருகு என்னைக்கோ போயிடுச்சு. உன் ஸ்கூலுக்கு முன்னாடி திருப்பத்துல நிறுத்தி, ஒரு பாட்டில் தண்ணிய ஊத்தி விடுவேன். ஈரம் காயற வரைக்கும் புதுசு மாதிரி இருக்கும். ஒரு பாட்டில் ஒரு பக்கத்துக்குத்தாம்மா வரும்."

டயர் பஞ்சரான கதையைச் சொல்வது போல்தான் சொன்னார். சொல்லிவிட்டு, தப்பான பக்கம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை அலமாரியில் வைத்தார்.

அந்தக் கதவின் கைப்பிடி ஏன் தினமும் ஈரமாக இருந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.