மயில் ராஜா கச்சேரி

ரோமாபுரியில ஒரு மயில் ராஜா ஆண்டுச்சு. தோகையப் பாத்தா கண்ணு கூசும், குரலக் கேட்டா பால் திரிஞ்சிரும். ஆனா உலகத்துலயே பெரிய பாட்டுக்காரன் தான்தான்னு அதுக்கு நெனப்பு. ராஜா பாடும்போது யாரும் எந்திரிக்கக் கூடாது, பொணம் மட்டும்தான் வெளிய போகலாம்னு சட்டம். வாசல்ல ஓநாய் காவல்.

அன்னிக்குக் கச்சேரியில மாட்டுனது செவலைக் கோழி. அவ வீட்டுல எட்டு முட்டை அடையில இருக்கு. ஆறிப்போச்சுன்னா அம்புட்டுதான். ராஜாவோ காலையில புடிச்ச பல்லவிய இன்னும் விடல.

"வாத்தக்கா, நான் சாகப்போறேன்"னா செவலை.

"சாவுடி. எனக்கு இது தோணாமப் போச்சே"ன்னா பக்கத்துல உக்காந்திருந்த வாத்தக்கா.

செவலை கால நீட்டி மல்லாந்துட்டா. ராஜா ஓடிவந்துச்சு. "என் பாட்டுல உருகியே உயிர விட்டுட்டாளே. மேடையில கெடத்துங்க, ஏழு நாளைக்கு ஒப்பாரி பாடுறேன்."

ஏழு நாள்ல முட்டை ஆறிருமேன்னு செவலை மொத வரி முடியறதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்துட்டா. "மகராசா, போன உயிரு உங்க பாட்டுல திரும்பிருச்சு."

ராஜாவுக்குத் தோகை தானா விரிஞ்சுது. "அப்ப ஊர்ல செத்த எல்லாரையும் கொண்டாங்க."

"நானே போய்த் தூக்கியாறேன்"னு செவலை வாசலப் பாத்து ஓடுனா.

"ஒத்தையில எப்படித் தூக்குவா, பாவம்"னு வாத்தக்கா பின்னாலயே போனா. தலை புடிக்க ஆடு போச்சு, கால் புடிக்கக் கழுதை போச்சு. கடைசியா ஓநாய், "எங்க மாமனார் செத்து மூணு வருசமாச்சு ராஜா, அவரையும் பாப்போம்"னு கெளம்பிருச்சு.

முட்டையில சூடு இருந்துச்சு. ராஜா மட்டும் கதவத் தொறந்து வெச்சு, பொணமெல்லாம் வர்றதுக்குள்ள தொண்டையச் சரிபண்ணிக்கிட்டு நிக்குது.